மல்லாட்டை மிஷினிலிருந்து சிப் வரை: பேடன்ட் பற்றி வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் சின்னதாக ஒரு டிராயிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். ராணிப்பேட்டை சிப்காட் பட்டறைகளுக்கு மிஷின் டிராயிங் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. பேடன்ட் விண்ணப்பத்துக்கும் படம் வேண்டும் என்பதால் அந்த வேலையும் கூடவே ஒட்டிக்கொண்டது. நான் வக்கீலும் இல்லை, பேடன்ட் ஏஜென்டும் இல்லை. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் டீ சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதற்குப் பதில், ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பேடன்ட், அதாவது காப்புரிமை என்றால் சுருக்கமாக என்ன?

நீங்கள் புதிதாகச் செய்த ஒன்றை எப்படிச் செய்வது என்று ஒளிக்காமல் எழுதிக் கொடுக்கிறீர்கள். பதிலுக்கு, விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு மற்றவர்கள் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடுக்கும் உரிமையை அரசு உங்களுக்குக் கொடுக்கிறது. 20 ஆண்டு முடிந்தால் அது ஊர்ச் சொத்து.

“தடுக்கும் உரிமை” என்பதைக் கவனியுங்கள். நீங்கள் செய்து விற்கலாம் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. உங்கள் பொருளுக்குள்ளேயே இன்னொருவரின் பேடன்ட் இருந்தால் அவர் உங்களைத் தடுக்கலாம். இதைக் கேட்டதும் பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும்.

மனசில் ஒரு ஐடியா இருக்கிறது. அதற்குக் கிடைக்குமா?

ஐடியாவுக்குக் கிடைக்காது. “தண்ணீர் இல்லாமல் தோல் பதனிட வேண்டும்” என்று ஆம்பூரில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எப்படி என்று சொல்பவருக்குத்தான் பேடன்ட். மூன்று சோதனைகள் உண்டு: உலகத்தில் எங்கேயும் இதற்கு முன் வெளியாகாததாக இருக்க வேண்டும், அந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்குச் சட்டென்று தோன்றிவிடக் கூடியதாக இருக்கக் கூடாது, தொழிலில் பயன்படுத்தக் கூடியதாக இருக்க வேண்டும். முதல் சோதனையிலேயே முக்கால்வாசி விழுந்துவிடும். என்னிடம் வருவதற்கு முன் கூகுள் பேடன்ட்ஸிலும், இந்திய பேடன்ட் அலுவலகத்தின் இன்பாஸ் தளத்திலும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து தேடுங்கள். காசு கிடையாது.

ஒரு பேடன்டில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறதே, அதில் எதைப் படிக்க வேண்டும்?

கடைசியில் எண் போட்டு வரும் உரிமைக்கோரல்களை. ஆங்கிலத்தில் கிளெய்ம்ஸ் என்பார்கள். நிலப் பத்திரத்தில் எத்தனை பக்கம் இருந்தாலும், ‘வடக்கே இன்னாருடைய புஞ்சை, கிழக்கே வண்டிப்பாதை’ என்று செக்குபந்தி எழுதும் இடத்தைத்தானே முதலில் பார்ப்போம்? கிளெய்ம் என்பது பேடன்டின் செக்குபந்தி. மற்ற பக்கமெல்லாம் விளக்கம். வழக்கு வந்தால் அளப்பது இங்கேதான்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மிஷினில். அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, என் நைனா வயது, செடியிலிருந்து மல்லாட்டை ஆயும் கருவி ஒன்றைச் செய்து டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கட்டி எடுத்து வந்தார். உருளை, அதன்மேல் பழைய சைக்கிள் ஸ்போக்கை வளைத்து அடித்த 24 பற்கள், கையால் சுற்றக் கைப்பிடி. செடியை மேலே காட்டினால் காய் கீழே உதிரும், கொடி கையில் நிற்கும். நான் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதினேன்: “உருளையின் மேல் சைக்கிள் ஸ்போக் கம்பியால் ஆன 24 பற்கள்.” படித்துக் காட்டியதும் அவர் கேட்டார்: “தம்பி, பக்கத்து ஊரான் 20 பல்லு வச்சா?”

சரிதானே. எல்லைக் கல்லை நானே உள்ளே தள்ளி நட்டு வைத்திருந்தேன். மாற்றி எழுதினேன்: “சுழலும் உருளையின் மேல் பல பற்கள்.” இப்போது, விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கும் பேடன்ட் ஏஜென்ட் சிரித்தார். காலால் மிதிக்கும் நெல் அடிக்கும் டிரம்மிலும் அதுதானே இருக்கிறது. பேடன்ட் அலுவலகத்தில் விண்ணப்பத்தைச் சோதிக்கும் ஆய்வர் ஒரே வரியில் தள்ளிவிடுவார். எல்லையை ரொம்ப வெளியே போட்டால் அடுத்தவன் நிலம், உள்ளே போட்டால் நம் நிலமே போய்விடும். அப்புறம் அந்தப் பெரியவரைத் திரும்ப உட்கார வைத்து, உங்கள் மிஷினில் காய் ஏன் உடைவதில்லை என்று கேட்டோம். பல்லின் நுனி சுற்றும் திசைக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது, காம்பு சிக்கினால் பல் வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நிமிரும் என்றார். அவர் அதைப் பெரிதாக நினைக்கவே இல்லை. கம்பி நேராக நிற்கவில்லை என்பதால் அப்படி வளைத்தாராம். புதுமை அங்கே இருந்தது. சாய்வும் வளைந்து நிமிர்வதும் கிளெய்முக்குள் வந்தன. ஸ்போக்கும் 24-ம் விளக்கத்துக்குப் போயின.

கீழே விவசாயம், நோய் கண்டறிதல், பிரேக், சிப் என்று எதைப் பற்றிச் சொன்னாலும் இந்த எல்லைக் கல் திரும்பத் திரும்ப வரும்.

வீடியோ போட்டுவிட்டேன். இப்போது விண்ணப்பிக்கலாமா?

அநேகமாகக் கெட்டது காரியம். நீங்களே வெளியிட்டாலும் வெளியானது வெளியானதுதான். கண்காட்சிக்குச் சலுகை இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். மத்திய அரசு அறிவித்த கண்காட்சிக்கும், அறிஞர் சங்கத்தில் படித்த கட்டுரைக்கும் 12 மாத அவகாசம் என்று சட்டத்தில் இருப்பது உண்மை. கல்லூரி எக்ஸ்போவும் உங்கள் யூடியூப் சேனலும் அதில் சேராது. ஒரு கல்லூரியில் மூன்று பிள்ளைகள் ஒரு வருடம் உழைத்த புராஜெக்ட், விழாவுக்கு மறுநாள் கல்லூரியின் பக்கத்திலேயே முழு விளக்கப் படத்தோடு வந்துவிட்டது. பெருமைக்காகத்தான் போட்டார்கள். நான் பாதி வரைந்த படத்தை மூடி வைத்தேன்.

இன்னும் முடியவில்லை, ஆனால் யாராவது முந்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

புரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் போட வேண்டும், போடாவிட்டால் கைவிட்டதாகிவிடும். புரொவிஷனலில் எழுதாத விஷயத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது. அதனால் அரைப் பக்கம் கிறுக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

எவ்வளவு செலவாகும்?

தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு தொழில், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு ஆன்லைனில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். ஆய்வு செய்யக் கோருவதற்கு 4,000. பெரிய கம்பெனிக்கு இது 8,000, 20,000. 30 பக்கம், 10 கிளெய்ம் தாண்டினால் கூடுதல் கட்டணம். பேடன்ட் கிடைத்த பிறகு வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும்: முதல் 2 ஆண்டுக்கு இல்லை, 3 முதல் 6 வரை ஆண்டுக்கு 800, 7 முதல் 10 வரை 2,400, 11 முதல் 15 வரை 4,800, அதற்குமேல் 8,000. 20 வருடமும் கட்டினால் 76,800 ரூபாய். அரசுக் கட்டணம் யாரையும் முழுகடிக்காது. எழுதிக் கொடுக்கும் ஏஜென்டின் கூலிதான் பெரிய தொகை. அதில் மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்கள்தான் 24 பல்லோடு மாட்டிக்கொள்கிறார்கள். கையில் காசே இல்லாத கிராமத்துக் கண்டுபிடிப்பாளர்கள் நேஷனல் இன்னோவேஷன் பவுண்டேஷனுக்கு எழுதிப் பார்க்கலாம். அகமதாபாத் பக்கம் இருக்கிறது, தேர்ந்தெடுத்தவர்களின் சார்பில் அவர்களே விண்ணப்பிக்கிறார்கள்.

கிண்டிக்கு நேரில் போக வேண்டுமா?

வேண்டாம். நம் பக்கத்துக்கு உரிய பேடன்ட் அலுவலகம் சென்னை கிண்டிதான், ஆனால் எல்லாம் ஆன்லைன். விசாரணையும் வீடியோவில் நடக்கிறது.

புது சாகுபடி முறை கண்டுபிடித்திருக்கிறேன். பேடன்ட் உண்டா?

இல்லை. 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, எவையெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று ஒரு பட்டியல் போடுகிறது. விவசாய முறையும் தோட்டக்கலை முறையும் அதில் இருக்கின்றன. மல்லாட்டைக்கு 40, 45-ஆம் நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறோம். நீங்கள் அதைவிடச் சிறந்த கணக்கு ஒன்றைக் கண்டுபிடித்தால் ஊருக்குச் சொல்லலாம், பேடன்ட் எடுக்க முடியாது. என்னைக் கேட்டால் இது நியாயம்தான். உழுகிற முறைக்கு ஒருவன் வாடகை வாங்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும்? ஆனால் ஜிப்சத்தை அளவாகப் போடும் கருவிக்கு, சொட்டுநீர்க் குழாயின் உமிழிக்கு, கடலை ஆயும் மிஷினுக்கு எல்லாம் உண்டு. முறைக்கு இல்லை, கருவிக்கு உண்டு.

என் விதைக்கு?

செடி, விதை, ரகம் எதற்கும் இந்தியாவில் பேடன்ட் கிடையாது. அதற்கு 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. வயல் பயிர் ரகத்துக்கு 15 ஆண்டு, மரம், கொடி வகைகளுக்கு 18 ஆண்டு. விவசாயி தன் ரகத்தைப் பதியலாம். அதைவிட முக்கியம், பதிவான ரகமாகவே இருந்தாலும் அதன் விதையை எடுத்து வைக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க விவசாயிக்கு உரிமை உண்டு. பிராண்ட் பெயர் போட்ட பையில் விற்கக் கூடாது, அவ்வளவுதான். 2019-இல் பெப்சிகோ தன் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாகக் குஜராத் விவசாயிகள் மேல் வழக்குப் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் அந்த ஆண்டே திரும்பப் பெற்றது இந்தச் சட்டத்தின் கீழ்தான்.

நம்ம முள் கத்திரிக்காய்க்குப் பேடன்ட் கிடைத்துவிட்டதாமே?

கிடைத்தது புவிசார் குறியீடு. இலவம்பாடிப் பக்கத்து முள் கத்திரிக்காய்க்கு 2023-இல் வேலூர் முள் கத்திரி என்ற பெயரில் வந்தது. அது ஊரின் பெயருக்கான பாதுகாப்பு. வேறு ஊரில் விளைந்ததை வேலூர் முள் கத்திரி என்று விற்கக் கூடாது. விளைவிப்பதை யாரும் தடுக்க முடியாது. அந்தக் கத்திரிக்காயில் எண்ணெய்க் கத்திரிக்காய் செய்து ஆம்பூர் பிரியாணிக்குப் பக்கத்தில் வைத்தால் வரும் ருசிக்குத்தான் இன்னும் எந்தச் சட்டமும் வரவில்லை.

பாட்டி வைத்தியத்துக்கு?

பரம்பரை அறிவுக்குக் கிடையாது. மஞ்சள் கதை தெரிந்ததுதான்: புண்ணை ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்துவதற்கு 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குப் பேடன்ட் கொடுத்தார்கள். நம் அரசு ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களையும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும் காட்டி எதிர்த்தது, 1997-இல் ரத்தானது. வேம்பு எண்ணெயைப் பூஞ்சைக்கு எதிராகப் பயன்படுத்தும் ஐரோப்பியப் பேடன்டை 2000-இல் ரத்து செய்தார்கள். மேல்முறையீடும் 2005-இல் முடிந்தது. பாட்டி சொன்னது உண்மை என்பது போதவில்லை, எழுதி அச்சாகியிருக்க வேண்டியிருந்தது. நாட்டு மூலிகையிலிருந்து உண்மையிலேயே புதிதாக ஒன்றைச் செய்திருந்தால், சென்னையில் தலைமையகம் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தில் பதிவோ அனுமதியோ வேண்டியிருக்கும். இதை மறந்து பேடன்ட் மட்டும் போட்டுவிட்டு முழிப்பவர்கள் உண்டு.

நோய் கண்டறியும் முறைக்குப் பேடன்ட் கிடைக்குமா? மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் என்பதால் இதை நிறையப் பேர் கேட்கிறார்கள்.

முறைக்கு இல்லை, சோதனைக்கு வேண்டிய பொருள்கள் அடங்கிய கிட்டுக்கு உண்டு என்பது குறுகிய பதில். மனிதருக்கும் விலங்குக்கும் செய்யும் மருத்துவம், அறுவை, நோய் கண்டறிதல் ஆகிய முறைகளுக்குச் சட்டம் தடை போட்டிருக்கிறது. 1940-களின் கடைசியில் வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாணை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்திக் காட்டினார். அப்படிப்பட்ட அறுவை முறையை ஒருவர் பூட்டி வைத்து, அடுத்த மருத்துவர் கத்தியை எடுக்கும்போது அனுமதி கேள் என்று சொல்ல முடியாது. அதற்கான புதுக் கருவியைச் செய்தால், கருவிக்குக் கேட்கலாம்.

நோய் கண்டறிதலில் நம் ஊருக்கே ஒரு கதை உண்டு. 1986 பிப்ரவரியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் காட்பாடிக்குக் கொண்டு வந்தார். எலைசா சோதனை வசதி சிஎம்சியில்தான் இருந்தது. டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது 6 குழிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று முதன்முதலில் தெரிந்தது அப்படித்தான். எலைசாவின் வேலை எளிது: தட்டில் உள்ள சின்னக் குழிகளில் கிருமியின் புரதம் பூசியிருக்கும், ரத்தத்தில் அதற்கு எதிரான பொருள் இருந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும், பின்னால் ஊற்றும் நொதி நிறத்தை மாற்றும்.

சிஎம்சியில் அந்தக் குழிகள் நிறம் மாறிய அதே நாட்களில், எச்ஐவி ரத்தச் சோதனை யாருக்குச் சொந்தம் என்று இரண்டு நாடுகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பிரான்ஸின் பாஸ்டர் நிறுவனம் 1983 டிசம்பரிலேயே அமெரிக்காவில் விண்ணப்பித்திருந்தது. அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கேலோவின் குழு 1984 ஏப்ரலில்தான் விண்ணப்பித்தது. ஆனால் 1985 மே மாதம் பேடன்ட் கிடைத்தது கேலோ தரப்புக்கு! பாஸ்டர் 1985 டிசம்பரில் வழக்குப் போட்டது. 1987 மார்ச்சில் ரீகனும் ஜாக் சிராக்கும், அதாவது ஒரு ஜனாதிபதியும் ஒரு பிரதமரும், உட்கார்ந்து ராயல்டியைப் பங்கு போட்டு முடித்தார்கள்.

இன்றைய இந்தியச் சட்டத்தில் அதே சோதனையைக் கொண்டு வந்தால்? “ரத்தத்தை எடுத்து இப்படிச் செய்து நோயைக் கண்டுபிடிக்கும் முறை” என்று எழுதினால் போகும். “இன்ன புரதம் பூசிய தட்டும் இன்ன நொதியும் கொண்ட கிட்” என்று எழுதினால் நிற்க வாய்ப்புண்டு. நடுவில் ஒரு சந்து இருக்கிறது. தாயின் ரத்தத்திலிருந்து கருவின் மரபணுவை ஆராயும் முறை ஒன்றைப் பற்றி 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, சிகிச்சை கொடுக்கும் அளவுக்கு நோயைச் சொல்லிவிடும் முறைக்குத்தான் இந்தத் தடை, சோதனை என்று பெயர் வைத்த எல்லாவற்றுக்கும் இல்லை என்ற திசையில் போனது. இந்தப் பக்கம் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

பிரேக்கில் எல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டதே, இனி என்ன இருக்கிறது?

சோளிங்கர், ராணிப்பேட்டைப் பக்கம் பிரேக் உதிரிபாக வேலையில் இருக்கிற பையன்கள் கேட்கும் கேள்வி இது. பிரேக்கின் வரலாறே சின்னத் திருத்தங்களின் வரலாறுதான்.

1869-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்குக் காற்று பிரேக் பேடன்ட் எடுத்தார். எஞ்சினிலிருந்து காற்றை அனுப்பினால் பெட்டிகளில் பிரேக் பிடிக்கும். ஒரு குறை: குழாய் அறுந்தால் காற்று போய்விடும், பிரேக்கும் போய்விடும். 1872-இல் அதையே தலைகீழாகத் திருப்பினார். காற்று நிறைந்திருந்தால் பிரேக் விடும், காற்று குறைந்தால் பிடிக்கும். இப்போது குழாய் அறுந்தால் வண்டி தானே நின்றுவிடும். அதே காற்று, அதே குழாய்; கூடுதலாகப் பெட்டிக்குப் பெட்டி ஒரு வால்வும் ஒரு காற்றுத் தொட்டியும். இன்றைக்கும் சிப்காட் வாசலில் காலையில் லாரியை எடுக்கும் டிரைவர், காற்று ஏறுகிற வரைக்கும் எஞ்சினை உறும விட்டுக்கொண்டு நிற்கிறாரே, அதற்குள் இருக்கும் ஸ்பிரிங் பிரேக்கும் இந்தத் தலைகீழ் யோசனையின் வழி வந்ததுதான்.

டிஸ்க் பிரேக்கை இங்கிலாந்தில் லான்செஸ்டர் 1902-இல் பேடன்ட் செய்தார். தகட்டைப் பிடிக்கச் செம்புப் பட்டை. கீச்சென்ற சத்தமும் தேய்மானமும். டிஸ்க் பிரேக் பெயர் வாங்கியது 1953-இல் ஜாகுவார் கார் லெ மான்ஸ் பந்தயத்தை ஜெயித்தபோது. பேடன்ட் எப்போதோ செத்துவிட்டது.

சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குவதைத் தடுக்கும் ஏபிஎஸ் இதைவிடப் பரிதாபம். பாஷ் நிறுவனம் 1936-இல் பேடன்ட் பெற்றது. 1978-இல்தான் மெர்சிடிஸ் காரில் ஏறியது. 42 வருடம்! சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்து, வினாடிக்குப் பல முறை பிரேக்கை விட்டுப் பிடிக்கக் கணக்குப் போட ஒரு மூளை வேண்டும். அந்த மூளை, அதாவது சிப், 1936-இல் பிறக்கவே இல்லை. இந்தியாவில் 2019 ஏப்ரலில் 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது; அதற்குக் கீழே இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் போதும் என்று அப்போது விதித்தார்கள்.

ஆக, உங்கள் பிரேக் பேட் தேய்ந்தால் டிரைவருக்கு முன்கூட்டியே காட்டும் ஒரு தகடு, காலிப்பரில் தூசி சேராத ஒரு ஓட்டை, இவற்றுக்குக் கூடக் கேட்கலாம். தெரிந்த இரண்டு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டினால் மட்டும் கிடைக்காது. சேர்ந்ததால் புதிதாக ஏதாவது நடக்க வேண்டும்.

கம்பெனி வேலையில் இருக்கும்போது கண்டுபிடித்தேன். யாருக்குச் சொந்தம்?

உங்கள் வேலை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கம்பெனிக்கு என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஆனால் கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயர் பேடன்டில் வர வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுடையது. மாணவர்களுக்குக் கல்லூரியின் விதி. புராஜெக்ட் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், பரிசு வாங்கிய பிறகு கேட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

சிப்புக்குப் பேடன்ட் உண்டா?

உண்டு, ஆனால் மூன்று துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். புதுச் சுற்று, புதிய டிரான்சிஸ்டர் அமைப்பு, தயாரிக்கும் புது முறை இவற்றுக்குப் பேடன்ட். சிப்பின் மேல் எது எங்கே என்கிற வரைபட அமைப்புக்குப் பேடன்ட் கிடையாது. 2000-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தில் பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு. உள்ளே ஓடும் நிரல், வெறும் நிரலாகவும் வெறும் கணக்கு முறையாகவும் இருந்தால் பேடன்ட் இல்லை. அதே நிரல் ஒரு பிரேக்கை விட்டுப் பிடிக்க வைத்து, வண்டி நிற்கும் தூரத்தைக் குறைக்கிறது என்றால், கருவியோடு சேர்த்து எழுதிக் கேட்டுப் பார்க்கலாம்.

நான் படம் போடுகிறவன் என்பதால் சிப் கதையில் எனக்கு ஒரு தனி ருசி. 1958 செப்டம்பர் 12 அன்று டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் ஜாக் கில்பி, ஜெர்மானியம் என்ற தனிமத்தின் ஒரே துண்டில் முழுச் சுற்றையும் செய்து காட்டினார். பாகங்களை இணைத்தது அந்தரத்தில் தொங்கும் மெல்லிய தங்கக் கம்பிகள். 1959 பிப்ரவரியில் விண்ணப்பித்தார். அதே ஆண்டு ஜூலையில் ஃபேர்சைல்ட் கம்பெனியின் ராபர்ட் நாய்ஸ் விண்ணப்பித்தார். அவருடையதில் சிலிக்கான் மேல் ஆக்சைடு படலம், அந்தப் படலத்தின் மேல் ஒட்டிப் படிந்த உலோகக் கோடுகள். இன்றைய சிப் எல்லாம் இந்தப் பாதையில் வந்ததுதான். பின்னால் வந்த நாய்ஸுக்கு 1961-லேயே பேடன்ட் கிடைத்தது, கில்பிக்கு 1964-இல்.

சண்டை பல வருடம் நடந்தது. கில்பியின் விண்ணப்பத்தில், தங்கம் போன்ற பொருளை மேலே “இட்டு” இணைக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. நாய்ஸின் கிளெய்மில் “ஒட்டிய” என்று இருந்தது. இட்டது என்றால் ஒட்டியது என்று அர்த்தமா? 1969-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை என்றது. கில்பியின் படத்திலோ கம்பி வில்லாக வளைந்து மேலே பறந்துகொண்டிருக்கிறது; அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒட்டியது என்று எப்படிச் சாதிப்பது? அதற்குள் 1966-லேயே இரண்டு கம்பெனியும் பேசி ஒருவருக்கொருவர் உரிமம் கொடுத்துக்கொண்டன. கில்பிக்கு 2000-இல் நோபல் கிடைத்தது. நாய்ஸ் 1990-லேயே இறந்துவிட்டார். எனக்கு இதில் பிடிபட்டது, படத்தில் ஒரு கோட்டை வளைத்துப் போடும்போது இரண்டு முறை யோசிக்க வேண்டும் என்பது.

எல்லோரும் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்றும் இல்லை. ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசஸர் ரிஸ்க்-வி என்ற திறந்த அமைப்பில் செய்தது. வடிவமைப்பையே வெளியே கொடுத்துவிட்டார்கள்.

வெளிநாட்டிலும் செல்லுமா?

செல்லாது. ஒவ்வொரு நாட்டிலும் தனியாக எடுக்க வேண்டும். இந்தியாவில் குடியிருப்பவர் இங்கே போடாமல் நேராக வெளிநாட்டில் போட முன் அனுமதி வேண்டும். இதைத் தவறவிட்டால் இந்திய விண்ணப்பமும் கெடும்.

என் பெயரைச் சேர்த்தால் பேடன்ட் என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஆசிரியர்களைக் குறிவைத்து இது ஒரு வியாபாரமாகவே நடக்கிறது. பத்துப் பேர் பெயரைச் சேர்த்து ஒரு விண்ணப்பத்தைப் போட்டு, சீக்கிரம் வெளியிடக் கட்டணம் கட்டி, இதழில் வந்ததும் “பேடன்ட் வந்துவிட்டது” என்று கேக் வெட்டுவார்கள். வெளியானது விண்ணப்பம் மட்டும்தான். ஆய்வே நடந்திருக்காது. பத்திரம் எழுதக் கொடுத்த ரசீதை வைத்துக்கொண்டு நிலம் என்னுடையது என்பது போல. இன்னும் சிலர் வெளிநாட்டு டிசைன் பதிவை வாங்கிக் கொடுத்துச் சர்வதேச பேடன்ட் என்பார்கள். டிசைன் என்பது தோற்றத்துக்கான பதிவு. கண்டுபிடிக்காதவர் பெயரைக் கண்டுபிடித்தவராக எழுதுவதே தவறு. பேடன்ட் இல்லாத பொருளில் “பேடன்ட் பெற்றது” என்று அச்சடித்து விற்றால் 2023 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

யாராவது காப்பி அடித்தால் போலீஸில் சொல்லலாமா?

போலீஸ் வராது. இது சிவில் வழக்கு. மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். எதிராளி “உன் பேடன்டே செல்லாது” என்று எதிர்க்கோரிக்கை வைத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். அவர் கட்டாயம் அதைச் செய்வார். 2007-இல் ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் பற்றி பஜாஜும் டிவிஎஸும் சென்னையில் மோதிக்கொண்டபோது, உச்ச நீதிமன்றம் வரை போய், 2019-இல்தான் பேசி முடித்தார்கள். யானைகள் சண்டையே அவ்வளவு காலம். நம் அளவுக்கு, முதலில் ஏஜென்டிடம் ஒரு நோட்டீஸ் எழுதி வாங்கி அனுப்புங்கள், நிறைய நேரம் அதிலேயே பேச்சு ஆரம்பித்துவிடும்.

எத்தனை நாளில் கிடைக்கும்?

விண்ணப்பம் 18 மாதத்தில் வெளியாகும். ஆய்வுக்கு நீங்கள்தான் கேட்க வேண்டும். 2024 விதிகளின்படி 31 மாதத்துக்குள். கேட்க மறந்து விண்ணப்பத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும். ஆய்வறிக்கை வந்தால் பதில் சொல்ல 6 மாதம். அந்த அறிக்கையைப் பார்த்துப் பயந்து ஓடாதீர்கள். எல்லாருக்கும் ஆட்சேபம் வரும். மல்லாட்டை மிஷினுக்கு ஏழு ஆட்சேபம் வந்தது.

புதுப்பிக்க மறந்துவிட்டேன். போச்சா?

கெடு தாண்டியும் 6 மாதம் வரை கூடுதல் கட்டணத்தோடு கட்டலாம். அதையும் விட்டால் பேடன்ட் காலாவதி. காலாவதியான நாளிலிருந்து 18 மாதத்துக்குள், வேண்டுமென்றே விடவில்லை என்று காரணம் காட்டி மீட்கக் கேட்கலாம். அணைக்கட்டுக்காரர் இந்த வம்பே வேண்டாம் என்று, கட்ட வேண்டிய தேதிகளைக் காலண்டர் அட்டையில் எழுதி மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். போன வாரம் போன் செய்தார்: “தம்பி, பல்லுக்கு ஸ்போக்குக்குப் பதிலா நைலான் போட்டுப் பார்த்தேன், இன்னும் நல்லா வருது. அது நம்ம எல்லைக்குள்ள இருக்கா?” இருக்கிறது.